மொழித் துறைக்கு ஆலோசனை சொல்லும் தன்னார்வலர்கள் எதைக் கேட்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிய மொழிகள் துறை ஒன்று இயங்குகிறது. அங்கே ஒரே ஒரு விரிவுரையாளர் இரண்டாண்டுத் தமிழ்ப் பாடத்தை நடத்துகிறார். துறைத் தலைவர் சமூக ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியிலிருந்து மூவரை அதற்கு அழைத்திருக்கிறார். அந்த விரிவுரையாளரின் பணியை நிரந்தரமாக்கச் சொல்ல வேண்டும், பாடநூலை மாற்றச் சொல்ல வேண்டும் என்று எங்களில் சிலர் கருதுகிறார்கள். நிதி திரட்டிக் கொடுத்தால்தான் நம் பேச்சு எடுபடும் என்கிறார் ஒருவர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் குழுவுக்கு எந்த முடிவையும் எடுக்கும் அதிகாரம் இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். யாரைப் பணியமர்த்துவது, எதைக் கற்பிப்பது, எவருக்கு என்ன மதிப்பெண் வழங்குவது ஆகியவை ஆசிரியர்களின் பொறுப்பு என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய மரபு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940இல் வெளியிட்ட கல்விச் சுதந்திரக் கொள்கை அறிக்கை அந்த மரபின் முக்கியமான தூண்களில் ஒன்று. வெளியாட்கள் அந்த வட்டத்துக்குள் கால் வைப்பதாகத் தோன்றினால், தமிழுக்கு ஆதரவான பேராசிரியர்கள்கூட எதிரணிக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் துறைத் தலைவர் உங்களைச் சும்மா அழைத்திருக்க மாட்டார். அவர் ஒவ்வோர் ஆண்டும் டீன் (பல துறைகளுக்கும் அவற்றின் நிதிக்கும் பொறுப்பான புலத் தலைவர்) முன்னால் போய் நின்று, இந்த மொழியைப் படிக்க எத்தனை பேர் வருகிறார்கள், இரண்டாண்டு படித்த பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள், செலவுக்கு வழி என்ன என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவற்றுள் முதல் கேள்விக்கான விடை துறையின் கையில் இருப்பதைவிட உங்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது.

ஆகவே கோரிக்கை மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் வேலையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஐந்நூறு பெற்றோர் கையெழுத்திட்ட மனுவைவிட, வரும் இலையுதிர்ப் பருவத்தில் முதலாண்டு வகுப்பில் சேரப்போவதாக உறுதியளித்த பன்னிரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்திக்குத்தான் துறைக் கூட்டத்தில் மதிப்பு. உங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறார்கள், எத்தனை பேர் உயர்நிலைப் பள்ளியில் இருமொழித் தேர்ச்சி முத்திரை (ஆங்கிலத்திலும் வேறொரு மொழியிலும் தேர்ச்சி காட்டிப் பள்ளியை முடிப்பவர்களுக்குத் தரப்படும் சான்று) பெறும் நிலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை, பெயர்களைத் தவிர்த்து, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 2011இல் கலிஃபோர்னியா சட்டமாக்கிய அந்த முத்திரை இன்று பெரும்பாலான மாநிலங்களில் வழங்கப்படுவதால், டீன்களுக்கும் அது பழகிய அளவுகோல்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஒரு தேர்வை எழுதி, பட்டத்துக்குத் தேவையான மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெற வசதி செய்து தர வேண்டும் என்பது பெற்றோர் அடிக்கடி எழுப்பும் கோரிக்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வில் தேறியவுடன் மாணவர் தமிழ் வகுப்பின் பக்கமே வர வேண்டியதில்லை என்றாகிவிட்டால், வகுப்பை நிரப்ப வேண்டியவர்களை நாமே வெளியே அனுப்பிவிடுகிறோம். அதைவிட, தேர்வின் மூலம் நேரடியாக இரண்டாம் ஆண்டிலோ அதற்கு மேற்பட்ட இலக்கிய வகுப்பிலோ சேர்ந்து கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) பெறும் ஏற்பாட்டைப் பரிந்துரைப்பது அறிவுடைமை என்பது என் கருத்து. அந்தத் தேர்வை மதிப்பிடும் பொறுப்பை மட்டும் உங்களில் எவரும் ஏற்காதீர்கள். உங்களிடம் படித்த பிள்ளைக்கு நீங்களே சான்றளிப்பது சரியாக இராது. அதுபோலவே, யார் எந்த வகுப்பில் படிக்கிறார், எப்படிப் படிக்கிறார் என்ற விவரத்தை 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவேடு அந்தரங்கச் சட்டம் பாதுகாக்கிறது. மொத்த எண்ணிக்கையைக் கேட்கலாம்; பெயர்களைக் கேட்காதீர்கள்.

பாடநூல் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வாரயிறுதிப் பள்ளியில் எழுத்தில் தொடங்கிப் பழகியவர்களுக்கு, பேச்சுத் தமிழை முன்னிறுத்தும் கல்லூரி வகுப்பு வியப்பாகவே இருக்கும். ஆனால் அந்த வகுப்பில் இரண்டு வகையான மாணவர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் பாட்டியுடன் சரளமாகப் பேசுவார், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார். மற்றவர் வரலாறோ மானிடவியலோ ஆய்வு செய்ய வந்தவர். வீட்டில் தமிழைக் கேட்டறியாதவர், இலக்கணத்தைப் பட்டியலாகக் கொடுத்தால் விரைவில் பிடித்துக்கொள்வார், ஆனால் மதுரையில் கள ஆய்வுக்குப் போய் இறங்கும்போது பேச்சு வழக்கு தெரியாமல் தவிப்பார். இருவருக்கும் ஒரே விரிவுரையாளர் வாரத்துக்குச் சில மணி நேரத்தில் வழிகாட்ட வேண்டியிருக்கிறது. எனவே இந்த நூலை எடுத்துவிட்டு அந்த நூலை வையுங்கள் என்று சொல்வதைக் காட்டிலும், உங்களிடமிருந்து வரும் மாணவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று தெளிவாக எழுதித் தாருங்கள். நூலைத் தெரிவு செய்யும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார். இதையொட்டி இன்னொன்று: உங்கள் மூவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தால், ஈழத் தமிழர் ஒருவரையும் மலேசியா அல்லது சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரையும் சேர்க்கும்படி நீங்களே கேளுங்கள். மாணவர்கள் எல்லாரும் ஒரே வழக்கைப் பேசி வளர்ந்தவர்கள் அல்லர்.

நிதியைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது. 1991இல் லீ பாஸ் என்பவர் மேற்கத்திய நாகரிகப் பாடங்களுக்காக யேல் பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டாலர் வழங்கினார். அந்தப் பணத்தில் நியமிக்கப்படும் ஆசிரியர்களை ஏற்கும் உரிமை தமக்கு வேண்டும் என்று அவர் பின்னர் கேட்டதை யேல் ஏற்கவில்லை. 1995இல் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. இரண்டு கோடி டாலருக்கே கிடைக்காத உரிமை உங்கள் சங்க நன்கொடைக்குக் கிடைக்கப்போவதில்லை. பணம் எந்த மொழிக்கு, எந்த நிலைப் படிப்புக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை நன்கொடை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். யாருக்கு என்பதை எழுத முடியாது.

கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நிரந்தர நிதியாக வைக்கப்படும் தொகையிலிருந்து ஆண்டுக்கு 4 முதல் 5 விழுக்காடு வரை மட்டுமே செலவிடுவது பல்கலைக்கழகங்களின் பொதுவான வழக்கம். 4.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பெருமுயற்சியில் திரட்டிய ஒரு லட்சம் டாலர் ஆண்டுக்கு 4,500 டாலர் தரும். ஒரு சிறப்புச் சொற்பொழிவுக்கும் சில நூல்களுக்கும் அது போதும். பத்து லட்சம் டாலர் திரட்டினாலும் கிடைப்பது 45,000 டாலர்தான். மருத்துவக் காப்பீடு முதலிய பயன்களோடு ஒரு முழுநேர விரிவுரையாளரை வைத்துக்கொள்ள அது போதாது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு (நிரந்தர நிதியைக் கொண்டு நடத்தப்படும் பேராசிரியர் பணியிடத்துக்கு) 60 லட்சம் டாலரும், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்து இருக்கைக்கு 30 லட்சம் கனடா டாலரும் திரட்ட வேண்டியிருந்தது இதனால்தான். உங்கள் ஊர்ச் சங்கம் அந்த அளவை எட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் செலவழித்துத் தீர்க்கும் தொகையைக் கொடுத்து, அதற்கு ஈடாக அந்தக் காலத்துக்குப் பிறகு விரிவுரையாளர் பணியிடத்தைத் தன் சொந்த வரவு செலவுக்குள் கொண்டுவருவதாகப் பல்கலைக்கழகத்திடம் எழுத்துமூலமான உறுதி பெறுவது நடைமுறையில் சிறந்த வழி. அந்த உறுதியில்லாமல் கொடுத்தால், பணம் தீர்ந்த ஆண்டிலேயே தமிழும் நின்றுபோகும். அதற்குள் துறை தன் பணத்தை வேறு எதற்கோ திருப்பியிருக்கும்.

விரிவுரையாளரின் பணியை நிரந்தரமாக்கும் பேச்சைக் குழுக் கூட்டத்தில் எடுக்கவே வேண்டாம். பணியிடத்துக்காக வாதாடுங்கள், ஆளுக்காக வாதாடாதீர்கள். நீங்கள் நல்ல எண்ணத்தோடு புகழ்ந்தாலும், வெளியிலிருந்து சிபாரிசு பிடிக்கிறார் என்ற பழி அவர் தலையில் விழும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், இது குறித்து நீங்கள் துறைக்கு அனுப்பும் மின்னஞ்சல்களைப் பொதுப் பதிவேடுச் சட்டங்களின்கீழ் எவரும் கேட்டுப் பெறவும் கூடும்.

அதே குழுவில் வியட்நாமியம், கொரியன், இந்தி போன்ற மொழிகளுக்காக வந்தவர்களும் இருக்கக்கூடும். டீனிடம் இருப்பது ஒரே பணப்பெட்டி என்பதால், தமிழுக்கு ஒரு பணியிடம் வேண்டும் என்று நீங்கள் தனியாகக் கேட்கும்போது, வேறு மொழிக்கு உரியதைப் பறிப்பதாகவே அவர்களுக்குத் தோன்றும். ஜப்பானியத்துக்கு 1972 முதல் ஜப்பான் அறக்கட்டளையும், கொரிய மொழிக்கு 1991 முதல் கொரிய அறக்கட்டளையும் துணை நிற்கின்றன; இரண்டும் அந்தந்த நாட்டு அரசு அமைத்தவை. தமிழுக்கும் வியட்நாமியத்துக்கும் அப்படிப்பட்ட நிலையான அரசு அமைப்பு அமெரிக்காவில் இல்லை. எனவே குறைந்த எண்ணிக்கை கொண்ட வகுப்புகளை ரத்து செய்யும் வரம்பை, அரிதாகக் கற்பிக்கப்படும் மொழிகள் அனைத்துக்கும் தளர்த்த வேண்டும் என்று கூட்டாகக் கேளுங்கள். துறைத் தலைவரே மகிழ்ந்து டீனிடம் எடுத்துச் செல்லக்கூடிய கோரிக்கை அது.

முதல் கூட்டத்தில் வேறெதையும் கேட்கும் முன்பாக, குழுவின் பணி வரையறையை எழுத்தில் கேளுங்கள்: உறுப்பினரின் காலம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை கூடுவது, நடவடிக்கைக் குறிப்பை யார் எழுதுவது, பரிந்துரைக்கு எத்தனை நாளில் பதில் வரும். அடுத்ததாகத் துறையின் நாட்காட்டியைக் கேட்டு வாங்குங்கள். இலையுதிர்ப் பருவத்து வகுப்புப் பட்டியல் பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிவாகிவிடும்; புதிய பணியிடத்துக்கான வேண்டுகோளும், ஆள் வந்து சேர்வதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னதாகவே டீனிடம் போய்விடும். ஏப்ரல் மாதத்தில் நீங்கள் கொண்டுவரும் மாணவர் எண்ணிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஆண்டுக்கு உதவாது. அதனால் அக்டோபர் இறுதிக்குள் அந்த ஒரு பக்கக் குறிப்பைத் துறைத் தலைவரின் மேசையில் சேர்த்துவிடுங்கள்.