டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கற்பனைக் கதை விளையாட்டில் புதையலைப் பகடை உருட்டி முடிவு செய்வது எப்படி?

முதல் நிலை வீரர்கள் காப்ளின் (குட்டிப் பூதம்) குகையைப் பிடித்துவிட்டார்கள், உள்ளே என்ன வைக்கலாம் என்று கேட்கிறீர்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 டஞ்சன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் இதற்கு அட்டவணை இருக்கிறது.

செத்த எதிரியின் பையில் கிடைக்கும் சில்லறை வேறு, ஒரு கூட்டம் சேர்த்துவைத்த புதையல் வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. எதிரியின் பலத்தைக் காட்டும் சவால் அளவு 0 முதல் 4 வரை என்றால், ஆறு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டி, 100-ஆல் பெருக்கினால் செப்புக்காசு. மூன்று பகடைகளை உருட்டி 100-ஆல் பெருக்கினால் வெள்ளி. இரண்டு பகடைகளை உருட்டி 10-ஆல் பெருக்கினால் தங்கம். சராசரியாக 2,100 செம்பு, 1,050 வெள்ளி, 70 தங்கம் வரும். மொத்த மதிப்பு 196 தங்கக்காசு. 50 காசு ஒரு பவுண்டு என்பதால் எடை மட்டும் சுமார் 64 பவுண்டு! அதை யார் சுமப்பது என்பதே அருமையான காட்சி ஆகிவிடும்.

அப்புறம் 1 முதல் 100 வரை எண் வரும்படி பகடை உருட்டினால் மணிக்கற்கள், கலைப்பொருட்கள், மந்திரப்பொருட்கள். 6-க்குள் விழுந்தால் காசு மட்டும்தான்.

இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் யோசிக்க நேரம் கிடைக்கும். 25 தங்கக்காசு மதிப்புள்ள வெள்ளிக்கூஜா வந்ததா? காப்ளின்கள் அதை எந்த வணிகரிடம் பறித்தன, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று முடிவு செய்யுங்கள். அடுத்த கதைக்கு அது போதும்.