கைக்கடிகாரத்துக்கு மூன்று லட்சம் கட்டுப்படியாகுமா?

நான் ஆடிட்டர். ஊரார் கணக்கைப் பார்ப்பது பிழைப்பு. கைக்கடிகாரம் இருபது வருடத்துப் பைத்தியம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால், “இதை வாங்க எனக்குக் கட்டுப்படியாகுமா?” என்று கேட்டு அடிக்கடி எழுதுகிறார்கள். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (கோவை, வயது 29): அண்ணா, பிடித்தம் போகக் கையில் 90,000 ரூபாய் வருகிறது. 3 லட்சம் ரூபாயில் ஒரு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும் கடிகாரம்) பார்த்து வைத்திருக்கிறேன். தனிநபர் கடன் வாங்கி மூன்று வருடத்தில் அடைத்துவிடலாமா?

பதில்: 14 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மாதத் தவணை ஏறக்குறைய 10,250 ரூபாய். முப்பத்தாறு மாதம் கட்டி முடிக்கும்போது 3,69,000 ரூபாய் போயிருக்கும். வட்டிக்குப் போகும் 69,000 ரூபாயில் நல்ல ஜப்பானியக் கடிகாரம், சீகோ ஒன்றே வாங்கிவிடலாம். அதே பத்தாயிரத்தை மாதாமாதம் வங்கியில் ஆர்.டி. என்னும் தொடர் வைப்பில் போடுங்கள். முப்பது மாதத்துக்குள் பணம் சேர்ந்துவிடும். வட்டியும் உங்கள் பக்கம் வரும்.

சேர்க்கும் காலத்தில் ஆசைக்கும் ஒரு சோதனை நடக்கும். என் ஆர்.டி. கணக்கில் இதுவரை இரண்டு கடிகாரங்கள் காலமாகியிருக்கின்றன. ஒன்பதாம் மாதம் வாக்கில் கடைப்பக்கம் போனேன். தூக்கத்தைக் கெடுத்த அந்த நீல முகப்பு என்னை ஒன்றுமே செய்யவில்லை. மூன்றாவது மட்டும் பிழைத்தது. அதன் கதை கடைசியில்.

கேள்வி (திருச்சி): சம்பளத்தில் எத்தனை சதவீதம் வரை கடிகாரத்துக்குச் செலவிடலாம் சார்?

பதில்: இந்தச் சதவீதக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சொந்த வீடு, அப்பாவுக்கு ஓய்வூதியம். இன்னொருவருக்கு வீட்டுக்கடன், தையில் தங்கைக்குக் கல்யாணம். இருவருக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்?

நான் கேட்பது வேறு. ரயிலில் முகம் கழுவக் கழற்றி வைத்தீர்கள், மறந்து இறங்கிவிட்டீர்கள். இரண்டு நாள் சோறு இறங்காது, சரி. அந்த மாதம் கட்டவேண்டியது எதுவும் நிற்குமா? ஆறு மாதக் குடும்பச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் கை வைக்க வேண்டிவருமா? இரண்டுக்கும் இல்லை என்றால் வாங்குங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்தக் கடிகாரம் இன்னும் உங்களுடையதாகவில்லை.

கேள்வி (சென்னை): ரோலக்ஸ் வாங்கினால் விலை ஏறிக்கொண்டே போகும், தங்கம் மாதிரி என்கிறான் நண்பன். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் 2022 தொடக்கத்தில் பேசியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். கடையில் காத்திருப்புப் பட்டியல். வெளியே கைமாறும் சந்தையில் சில மாடல்களுக்குக் கடை விலையைவிடப் பன்மடங்கு. அந்த வருடமே விலை இறங்கத் தொடங்கியது. உச்சியில் வாங்கியவர்கள் பலர் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. அந்த மவுசும் ஒன்றிரண்டு நிறுவனங்களின் சில மாடல்களுக்குத்தான். மற்றவை கடை வாசலைத் தாண்டியதுமே இறங்கும்.

தங்கத்தோடு ஒப்பிடுவதுதான் எனக்குப் பொறுக்காது. அவசரம் என்றால் இரண்டு வளையலைத் தெருமுனை வங்கியில் வைத்து ஒரு மணி நேரத்தில் பணத்தோடு திரும்பலாம். உரசிப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், தொகை சொல்வார்கள். கடிகாரத்தை அந்தக் கவுன்டரில் நீட்டிப் பாருங்கள். நேரம் பார்க்கக் கொடுக்கிறீர்கள் என்று நினைப்பார் மேலாளர்.

கேள்வி (நாகர்கோவில்): வாங்கிய பிறகு செலவு உண்டா ஐயா?

பதில்: யாரும் கேட்காததைக் கேட்டீர்கள். பழக்கமான மெக்கானிக் ஒருவர், பன்னிரண்டு வருடம் திறக்காத ஒரு கடிகாரத்தை என் எதிரில் பிரித்தார். கண்ணில் லென்ஸ், கையில் சாமணம். எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ அரக்குபோல் ஒட்டியிருந்தது. “ஓடத்தான் ஓடியது சார், தேய்ந்துகொண்டே ஓடியிருக்கிறது” என்றார். பின்மூடியின் ரப்பர் வளையம் தொட்டதும் பிய்ந்து வந்தது. அந்த நிலையில் அதை மாட்டிக்கொண்டு அதன் சொந்தக்காரர் நீச்சலுக்குப் போய்வந்திருக்கிறார்!

ஐந்திலிருந்து எட்டு வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்கிறது ஸ்விஸ் நிறுவனமான ஓமேகா. சுமார் பத்து வருடம் என்கிறது ரோலக்ஸ். நிறுவனத்தின் சர்வீஸுக்கே கொடுத்தால் பில் பல பத்தாயிரத்தில் வரும். வாங்கிய மாதத்திலிருந்தே அதற்கென்று மாதாமாதம் ஆயிரம் ரூபாய் தனியாகப் போட்டுவையுங்கள். தோல் வாரும் நம் கடலோர வியர்வைக்கு நீண்ட நாள் தாங்காது. வெயில் காலத்துக்கு உலோகப் பட்டையோ ரப்பரோ மாட்டுங்கள்.

கேள்வி (மதுரை): விலை 11 லட்சம். கடையில் ஒரு சதவீதம் கூடுதல் வரி கேட்கிறார்களே?

பதில்: அது டி.சி.எஸ்., அதாவது விற்பவரே உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் முன்கூட்டிய வருமான வரி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 22 ஏப்ரல் 2025 முதல் உண்டு. கூடுதல் வரி இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கணக்கில் காட்டாத பணத்தில் வாங்குவோர்தான் பயப்படவேண்டும். அவசரம் இல்லையென்றால் பொறுங்கள்: சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தம் 1 அக்டோபர் 2025 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது, ஸ்விஸ் கடிகாரங்களுக்கான சுங்கவரி படிப்படியாகக் குறைகிறது. கடைக்காரர் அதை எவ்வளவு நமக்கு விட்டுத்தருவார் என்பது வேறு கதை.

கேள்வி (விழுப்புரம்): மாப்பிள்ளைக்கு 2 லட்சத்தில் வெளிநாட்டுக் கடிகாரம்தான் போடவேண்டும் என்கிறார்கள். எனக்கு வரும் தீபாவளியோடு பணி ஓய்வு.

பதில்: கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் வரதட்சிணை, 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதே குற்றம். ஓய்வுப் பணத்தைத் தொடாதீர்கள் ஐயா. உங்களுக்காகவே ஒன்று போடத் தோன்றினால், ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டனில் சில ஆயிரத்துக்கே கண்ணியமான கடிகாரம் கிடைக்கும். மாப்பிள்ளை முகம் சுளித்தால், கல்யாணத்துக்கு முன்பே சுளித்தாரே என்று சந்தோஷப்படுங்கள்.

கேள்வி (ஈரோடு): உங்கள் கையில் என்ன கடிகாரம் சார்?

பதில்: ஆர்.டி.யில் பிழைத்த அந்த மூன்றாவதை 2,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து மகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டு ஓட்டுக் கூரை ஒழுகலும் ஒரே மாதத்தில் வந்தன. ரயில் சோதனையில் நானே தேறவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டி, வாரண்டி அட்டை, பில் எல்லாம் பத்திரமாக இருந்தும் 1,55,000 ரூபாய்தான் கிடைத்தது. வாங்க வந்த பையன் அதை மாட்டிக்கொண்டு தன் கையைப் பார்த்த விதத்தில், பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கட்டியிருப்பது மாமனார் போட்ட எச்.எம்.டி. தயாரித்த நிறுவனமே கடிகாரத் தொழிலை விட்டுவிட்டது. தினமும் காலையில் பல் துலக்கியதும் சாவி கொடுக்கிறேன். நாளுக்கு நாற்பது விநாடி முந்துகிறது. ஞாயிறுதோறும் திருத்தி வைக்கிறேன். அதற்குள் நான்கு நிமிடத்துக்குமேல் சேர்ந்துவிடுவதால், சனிக்கிழமைச் சந்திப்புகளுக்கு நான் தாமதமாகப் போனதே இல்லை.