மெல்போர்ன் கோப்பையில் சிறந்த குதிரைதான் ஜெயிக்குமா?

நாட்டிலேயே தலைசிறந்த குதிரை எது என்று பார்க்கத்தானே ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கோப்பை நடத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நினைத்து அதன் மேல் பணம் கட்டிவிடாதீர்கள்! இது ஹாண்டிகேப் ரேஸ். நல்ல குதிரை என்று பெயர் எடுத்தாலே முதுகில் சுமையை ஏற்றிவிடுவார்கள். ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து நிறுத்துப் பார்த்து, குறைகிற கிலோவுக்கு ஈயத் தகடுகளை வைத்துச் சரிக்கட்டுவார்கள். நல்ல குதிரையும் சுமார் குதிரையும் எல்லைக் கோட்டுக்கு ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பதுதான் கணக்கு, அதையும் 3200 மீட்டர் ஓடவிட்டுப் பார்ப்பார்கள்.

1861-ல் ஃப்ளெமிங்டன் மைதானத்தில் நடந்த முதல் கோப்பையை ஜெயித்தது ஆர்ச்சர், அடுத்த வருடமும் அதுவேதான். 1863-க்கு அதன் தலையில் 71 கிலோவுக்கு மேல் கட்டினார்கள். சரி, அதையும் சுமக்கட்டும் என்று உரிமையாளர் சம்மதித்துத் தந்தி அடித்தால், அன்றைக்கு மெல்போர்னில் விடுமுறை, தந்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, ஆர்ச்சரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கடுப்பில் வேறு சிலரும் தங்கள் குதிரைகளை விலக்கிக்கொள்ள, கடைசியில் ஓடியது வெறும் ஏழு குதிரை.

ஆனால் எடையின் கொடுமை புரியவேண்டுமானால் ஃபார் லாப்பைப் பாருங்கள். நியூசிலாந்தில் பிறந்து 160 கினிக்கு (அந்தக் காலத்து பிரிட்டிஷ் பணக் கணக்கு) மலிவாக வாங்கப்பட்ட குதிரை. 1930 கோப்பைக்கு மூன்று நாள் முன்னால் காலையில் யாரோ காரில் வந்து அதைச் சுட்டார்கள். குண்டு படவில்லை, அன்று மதியமே வேறொரு ரேஸில் ஓடி ஜெயித்தது, செவ்வாய்க்கிழமை 62.5 கிலோவோடு கோப்பையையும் தூக்கியது. அடுத்த வருடம் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாகத்தான் வந்தது. சில மாதங்களில் அமெரிக்காவில் இறந்தும் போனது. அதன் தோல் மெல்போர்னிலும் இதயம் கான்பெராவிலும் எலும்புக்கூடு வெலிங்டனிலும் இருக்கின்றன, மூன்று ஊருக்கும் பங்கு!

இந்தக் கணக்கையே தோற்கடித்தது மக்கைபி டீவா என்ற பெண் குதிரை. 2003-ல் 51 கிலோ, 2004-ல் 55.5, 2005-ல் 58, மூன்று முறையும் ஜெயித்தது. வேறு எந்தக் குதிரையும் மூன்று கோப்பை வாங்கியதில்லை. என்னைக் கேட்டால் ஃபார் லாப்புக்கும் மேலே இதைத்தான் வைப்பேன்.

இன்னொரு பக்கம் 2015. பிரின்ஸ் ஆஃப் பென்ஸான்ஸ், 53 கிலோ. ஒரு டாலர் கட்டினால் நூறு டாலர் கிடைக்கும், அதாவது யாரும் சீண்டாத குதிரை. மிஷெல் பெய்ன் ஓட்டி ஜெயித்தார், இந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி. குதிரையைப் பராமரித்தவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர்.

நவம்பர் முதல் செவ்வாய் மெல்போர்னில் அரசு விடுமுறை. மற்ற ஊர்களில் ரேஸ் பக்கமே போகாதவர்கள்கூட ஆபீஸில் சில டாலர் போட்டு, குதிரைப் பெயர் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுப்பார்கள். எந்தச் சீட்டுக்கும் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு என்றால் அதற்கு அந்த ஈயத் தகடுதான் காரணம்.

கொண்டாட்டம் முன்போல் இல்லை என்பதும் உண்மை. 2020-ல் ஆண்டனி வான் டைக் என்ற குதிரைக்கு ஓடும்போதே கால் முறிந்து, கருணைக்கொலை செய்யவேண்டியதானது. எதிர்ப்பு கிளம்பியதும் விதிகளை இறுக்கினார்கள், இப்போது கால்களை ஸ்கேன் செய்து பார்த்துத்தான் களத்தில் விடுகிறார்கள்.