டைமிங் செயின் தேய்மானம்: வீட்டிலேயே எவ்வளவு தூரம் பார்க்கலாம்?

கேள்வி: அண்ணா, 2012 ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம், அந்தச் சத்தம் உடனே அடங்கிவிடுகிறது. செயின் போச்சா? (திருப்பூர்)

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்துச் சுற்ற வைப்பதுதான் டைமிங் செயின். இரவு முழுக்க நின்ற வண்டியில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் இருந்த ஆயில் வடிந்திருக்கும். பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்து, அது ஓடும் பாதையில் இருக்கும் கைடு பட்டையில் உரசும். ஓரிரு நொடியில் அடங்கினால் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். அந்த 1.3 லிட்டர் எஞ்சினில் ஆயில் குறைந்தாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ முதல் அடி செயினுக்குத்தான். எஞ்சின் சூடான பிறகும் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடி வழியாக செயின் தெரிகிறது. விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியுமா சார்?

பதில்: பெரிதாக ஒன்றும் தெரியாது. எஞ்சின் நிற்கும்போது டென்ஷனரில் ஆயில் பிரஷரே இருக்காது. கேம் நிற்கும் இடத்தைப் பொறுத்தும் தொய்வு மாறும்.

கேள்வி: அப்படியானால் சரியாக எப்படித்தான் பார்ப்பது? பெட்ரோல் வண்டி, வால்வு கவரைக் கழற்றத் தெரியும்.

பதில்: நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் கையால் சுற்றுங்கள். பின்னால் திருப்பினால் இழுப்பு டென்ஷனர் பக்கம் போய், தொய்வு எதிர்ப்பக்கம் சேர்ந்து செயின் பல் தாண்டக்கூடும்.

கிராங்க் குறி நேராக நிற்கும்போது கேம் ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்) குறியைப் பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று, அதனால் முதல் சுற்றில் எதிர்ப்பக்கம் நின்றால் பயப்பட வேண்டாம். இரண்டாவது சுற்றிலும் கேம் குறி கொஞ்சம் பின்தங்கியே நின்றால் செயின் நீண்டிருக்கிறது. இரும்பு இழுபட்டு நீள்வதில்லை, கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் துளித்துளியாகத் தேய்ந்த கணக்கு அது. முழுப் பல் அளவு தள்ளி நின்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், வால்வு பிஸ்டனில் இடிக்கக்கூடும். செயினில் நிறம் பூசிய கண்ணி (கலர் லிங்க்) குறியோடு பொருந்தவில்லையே என்று குழம்பாதீர்கள். அது மாட்டும்போது மட்டும் உதவும், ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வராது.

டென்ஷனர் கண்ணுக்குத் தெரிந்தால் அதன் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்றும் பாருங்கள். கிட்டத்தட்ட கடைசிவரை வந்துவிட்டால் இனி இறுக்க இடமில்லை. செயினை மூடியிருக்கும் முன் கவரை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள். திரும்ப மாட்டும்போது ஆயில் கசியாமல் ஒட்டுவதே பெரும்பாடு.

கேள்வி: ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு காட்டுகிறது. செயின்தானே?

பதில்: கிராங்க்கும் கேமும் பொருந்தவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. சென்சார், அழுக்கு ஆயில், வால்வு டைமிங்கை மாற்றும் சோலினாய்டு எதுவாகவும் இருக்கலாம். செயின்தான் என்று உறுதியானால் டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: பழைய இன்னோவா 2.5 டீசல். செயினை எப்போது செக் செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் வண்டியில் இருப்பது செயின் இல்லை, பெல்ட். சத்தம் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், பெல்ட் சொல்லாமல் அறுந்துவிடும். மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள்.