பை ஓட்டின் கலோரிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஆப்பிள் பை (மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம்) செய்ய ஃப்ரோசன் பை க்ரஸ்ட், அதாவது உறைய வைத்த மாவு ஓடு, வாங்கி வைத்திருக்கிறாள். பெட்டியில் 90 கலோரி என்று போட்டிருக்கிறது. மைதாவும் கொழுப்பும் சேர்ந்த பண்டத்தில் இவ்வளவு குறைவாகவா இருக்கும்?
*வாசகி, தேவகோட்டை*

அந்த 90 சரியான எண்தான். எதற்கு 90 என்பதைப் பார்க்க வேண்டும். சத்து அட்டவணையின் தலையில் 'பரிமாறும் அளவு' என்று ஒரு வரி இருக்கும். 9 அங்குல ஓட்டில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 20 கிராம் பச்சை மாவு என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தச் சின்னத் துண்டில் 80 முதல் 110 கலோரி, கொழுப்பு 5 அல்லது 6 கிராம், மாவுச்சத்து 10 முதல் 12 கிராம், புரதம் ஒரு கிராம், நார்ச்சத்து அரை கிராமுக்கும் குறைவு. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். 'டீப் டிஷ்' என்ற ஆழமான ஓடு கூடுதல் எடை கொண்டது, அதன் எண்களும் கூடும்.

வீட்டில் யாரும் பையை எட்டாக வெட்டுவதில்லை. நாலாக வெட்டினால் எண்கள் இரட்டிப்பாகும். ஆப்பிள் பைக்கு மேல்மூடியும் உண்டு என்பதால் இன்னொரு மடங்கு. ஆக, ஒருவர் தட்டில் விழுவது நாலு 'பரிமாறும் அளவு': ஓட்டிலிருந்து மட்டும் 360 கலோரி, 22 கிராம் கொழுப்பு. உள்ளே வைக்கும் ஆப்பிளும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் இல்லை.

இன்னொன்று. 'டிரான்ஸ் கொழுப்பு 0' என்று இருந்தால் அமெரிக்க லேபிளில் அதன் பொருள், ஒரு பரிமாறும் அளவில் அரை கிராமுக்குக் குறைவு என்பதுதான். அங்கே டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய ஊற்றான பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்குத் தடை வந்துவிட்டதால் பழைய பயம் இப்போது இல்லை. நாம் கவனிக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. பாமாயிலில் பாதி அதுதான், வெண்ணெய்க் கொழுப்பில் அறுபது சதவீதத்துக்கு மேல். மேலே சொன்ன 22 கிராம் கொழுப்பு பாமாயிலிலிருந்து வந்தால் 11 கிராம் நிறைவுற்றது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே 22 கிராம்தான். ஒரு துண்டு பையின் ஓட்டிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

அதில் பன்றிக் கொழுப்பு இருக்குமா?
*வாசகர், பள்ளத்தூர்*

சில பிராண்டுகளில் இருக்கும். மேலைநாட்டுப் பை ஓட்டில் அது பழைய வழக்கம். சேர்பொருள் பட்டியலில் 'லார்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பதால் மைதாவுக்கு அடுத்த ஓரிரண்டு பெயர்களுக்குள்ளேயே கொழுப்பு எது என்று தெரிந்துவிடும். இந்தியாவில் விற்கும் பெட்டியில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம்.

கடை ஓடு வேண்டாம், வெண்ணெய் போட்டு வீட்டிலேயே செய்கிறேன். கலோரி குறையும்தானே?
*வாசகி, காரைக்குடி*

பெரும்பாலும் கூடும். வழக்கமான அளவு 150 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 3 கிராம் உப்பு, 45 மி.லி. ஐஸ் தண்ணீர். மொத்தம் ஏறக்குறைய 1250 கலோரி. எட்டாகப் பிரித்தால் துண்டுக்கு 156, நிறைவுற்ற கொழுப்பு 6 கிராமுக்கு மேல். கடை ஓட்டின் முழு எடை 160 கிராம்தான், நீங்கள் பிசைந்தது 298 கிராம். கையால் தேய்க்கும்போது தடிமன் கூடுவதுதான் காரணம். 100 கிராம் மைதாவுக்கு 65 கிராம் வெண்ணெய் எடுத்து 3 மி.மீ.க்கும் மெல்லியதாகத் தேய்த்தால் 9 அங்குலத் தட்டுக்குப் போதும். துண்டுக்கு நூறை ஒட்டி நிற்கும்.

நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பதே நோக்கமென்றால் எண்ணெய் ஓடு நல்லது. 150 கிராம் மாவில் 60 மி.லி. நல்லெண்ணெய், 35 மி.லி. தண்ணீர் விட்டுப் பிசறித் தட்டிலேயே விரலால் அழுத்திப் பரப்புங்கள். நிறைவுற்ற கொழுப்பு துண்டுக்கு ஒரு கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அடுக்கு வராது, பொடிப்பொடியாக உதிரும். கெட்டிக் கொழுப்பின் சிறு கட்டிகள் மாவுக்கு இடையே இருந்து, அடுப்புச் சூட்டில் உருகி நீராவி கிளம்பினால்தான் அடுக்கு பிரியும். எண்ணெய் மாவோடு முழுதாகக் கலந்துவிடுகிறது. கார பைக்கு நல்லெண்ணெய் வாசம் பொருந்தும், இனிப்புக்குக் கடலை எண்ணெய் எடுங்கள்.

பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்றால் நார்ச்சத்து துண்டுக்கு அரை கிராமிலிருந்து ஒன்றேகால் கிராமுக்கு உயரும். தவிடு நீரை இழுப்பதால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். கவுனி அரிசி மாவு சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கால் பங்குக்கு மேல் வேண்டாம். மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் அதில் இல்லாததால் தேய்க்கும்போதே விண்டுபோகும்.

கரண்ட் போய் ஃப்ரீசரில் இருந்த ஓடு இளகிவிட்டது. மறுபடி உறைய வைத்தால் சத்து போகுமா?
*பேக்கரி நடத்துபவர், காரைக்குடி*

மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் எதுவும் போகாது. போவது அடுக்கு. இளகும்போது கொழுப்புக் கட்டி மாவில் ஊறிவிடும். மறுபடி உறைந்தால் ஈரம் ஒரு பக்கம் கூடிப் பனிக்கட்டியாகும், வேகும்போது ஓடு சுருங்கித் தட்டின் விளிம்பிலிருந்து இறங்கும். தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இன்னும் இருந்தால், அதாவது 4 டிகிரிக்குள் இருந்தால், அன்றே வெறும் ஓட்டைச் சுட்டு ஆறவைத்துப் பிறகு உறைய வையுங்கள். நம் ஊர் வெயிலில், 32 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் எறிந்துவிடுங்கள். சேமிப்பு எப்போதும் மைனஸ் 18 டிகிரியில்.

பை ஓட்டுக்கு வனஸ்பதி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. லேபிள் இல்லாத மொத்த டின்னை வாங்காதீர்கள். விதிக்கு உட்பட்ட வனஸ்பதியிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம்தான்.

எங்கள் ஆயாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு துண்டு ஆப்பிள் பை கொடுக்கலாமா?
*வாசகி, கானாடுகாத்தான்*

கடையில் விற்கும் ஆப்பிள் பையில் 125 கிராம் துண்டில் மாவுச்சத்து 40 கிராமைத் தாண்டும். மூன்று நான்கு இட்லிக்குச் சமம். கொடுப்பதானால் அந்த வேளையின் இட்லியைக் குறைத்துவிட்டுக் கொடுங்கள், சாப்பாட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். மேல்மூடி இல்லாமல் செய்தால் துண்டுக்கு 11 கிராம் மாவுச்சத்து குறையும். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை மெதுவாக, நேரம் கழித்து ஏறும். இரண்டு மணி நேரத்தில் பார்த்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இன்சுலின் போடுபவராக இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழி உப்புக்கறியை உள்ளே வைத்தேன். அடி ஓடு சொதசொதவென்று ஆனது. உப்பும் கரித்தது.
*வாசகர், கோட்டையூர்*

ஓட்டிலேயே உப்பு இருக்கிறது. ஒரு பரிமாறும் அளவுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. நாலில் ஒரு பங்கு, மேல்மூடியோடு சாப்பிட்டால் ஓடு மட்டுமே 1.2 கிராம் உப்பு வரை தரும். நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதால் கறியில் வழக்கமான உப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

அடி ஊறியதற்குச் சூடான கறியைப் பச்சை ஓட்டில் கொட்டியது காரணமாக இருக்கும். சின்ன வெங்காயத்தின் நீர் முழுக்க வற்றி எண்ணெய் பிரியும் வரை கறியைச் சுருட்டி, நன்றாக ஆறவிடுங்கள். உறைந்த ஓட்டைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, முள்கரண்டியால் அடியில் குத்தி, மேலே பேக்கிங் தாள் விரித்துக் காய்ந்த கொண்டைக்கடலையைப் பரப்பி, 200 டிகிரியில் 15 நிமிடம் சுடுங்கள். கடலையை எடுத்துவிட்டு முட்டை வெள்ளையை மெல்லப் பூசி இன்னும் 3 நிமிடம். அந்தப் பூச்சு ஈரத்தைத் தடுக்கும். பிறகு கறியை நிரப்பி அடுப்பின் கீழ்த்தட்டில் வையுங்கள்.