சர்ஜரி முடிஞ்சு 7 வாரத்துல அமெரிக்கா ஃப்ளைட் ஏறலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 52 வயசு, திருச்சி. வெயிட் குறைக்க ஸ்லீவ் சர்ஜரி (இரைப்பையோட பெரும்பகுதிய வெட்டி எடுக்குறது) பண்ணி 5 வாரம் ஆச்சு. 118 கிலோ இருந்தேன், இப்ப 104. பிபி மாத்திரை, சுகர் மாத்திரை ரெண்டும் போடுறேன், முட்டிவலியும் இருக்கு. பொண்ணுக்கு நியூஜெர்சில பிரசவம், இன்னும் ரெண்டு வாரத்துல கிளம்பணும், தோஹால மாறிப் போற டிக்கெட். மேல பறக்கும்போது உள்ள போட்ட தையல் விட்டுடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. போலாமா?

பதில்: போலாம்மா, ஆனா உங்க சர்ஜனை ஒரு தடவ நேர்ல பாத்து அவர் சரின்னு சொன்னப்புறம்தான். தையல் பத்தி பயப்படாதீங்க, வயித்துக்குள்ள ஸ்டேப்ளர் போட்ட இடம் 7 வாரத்துல நல்லா சேர்ந்திருக்கும், மேல போனா வயித்துல இருக்குற கேஸ் கொஞ்சம் விரியும் அதனால உப்புசமா இருக்கும், அவ்வளவுதான், அதுல தையல் பிரியாது. நான் கவலப்படுறது வேற ரெண்டு விஷயத்துக்கு, ஒண்ணு உங்க கால், இன்னொண்ணு நீங்க குடிக்கிற தண்ணி.

கால்னா, ரத்தம் கட்டுறத சொல்றேன். உடம்பு வெயிட்டா இருந்து, பெரிய சர்ஜரியும் ஆகி, மணிக்கணக்கா கால மடக்கி ஒரே இடத்துல உக்காந்திருந்தா கெண்டைக்கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. சர்ஜரி ஆன முதல் மாசந்தான் இந்த ரிஸ்க் ரொம்ப அதிகம், அதனாலதான் பெரும்பாலான சர்ஜன்கள் முதல் 4லேருந்து 6 வாரம் தூர ஃப்ளைட் வேணாம்னு சொல்றது. கிளம்புறப்ப நீங்க அத தாண்டியிருப்பீங்க, ஆனாலும் தோஹாலேருந்து நியூயார்க் பக்கம் போக மட்டும் 14 மணி நேரத்துக்கு கிட்ட ஆகும், அத லேசா எடுத்துக்க முடியாது. முன்னாடி கால்ல ரத்தம் கட்டியிருக்கு, இல்ல வீட்ல யாருக்காவது கட்டியிருக்குன்னா சர்ஜன்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, பயணத்துக்கு ரத்தம் உறையாம இருக்க ஊசி வேணுமான்னு அவர் முடிவு பண்ணுவார், நீங்களா போட்டுக்காதீங்க. முட்டிக்கு கீழ போடுற கம்ப்ரெஷன் சாக்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ்) சர்ஜிக்கல் கடைல காலை அளந்து வாங்குங்க, அளவு தப்பா இருந்தா நல்லதுக்கு பதிலா கெடுதல். நடைபாதை ஓரத்து சீட்டா கேட்டு வாங்குங்க, மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு நடங்க, உக்காந்திருக்கும்போது பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருங்க. தனியா போற அம்மாக்கள் நிறைய பேர் இங்கிலீஷ் பேச பயந்துக்கிட்டு வீல்சேர் புக் பண்றாங்க, நீங்களும் பண்ணிக்கோங்க தப்பில்ல, வழி தெரியும், 23 கிலோ பெட்டிய தூக்குறதுக்கும் ஆள் இருக்கும் (நீங்க இப்ப அத தூக்கவே கூடாது), ஆனா தோஹால காத்திருக்கிற நேரம் முழுக்க அதுலயே உக்காந்துடாதீங்க, இறங்கி நடங்க.

இப்ப தண்ணி. உங்க வயித்துல முக்கால்வாசிக்கு மேல எடுத்தாச்சு, மிச்சம் இருக்குறது ஒரு சின்ன குழாய், தாகம் எடுத்தப்புறம் ஒரு சொம்பு தண்ணிய மடக்குன்னு குடிச்சு சரி பண்ணிக்கிற வழி உங்களுக்கு இனிமே கிடையாது. ஃப்ளைட்ல காத்து வேற ரொம்ப காஞ்சிருக்கும். செக்யூரிட்டி தாண்டினதும் ஒரு பாட்டில் வாங்கி கைல வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வாய் குடிச்சுக்கிட்டே வாங்க, பாத்ரூம் போகணுமேன்னு குடிக்காம இருக்காதீங்க, அப்படி எந்திரிச்சு போறது காலுக்கும் நல்லதுதான். ஸ்ட்ரா வேணாம், கேஸ் டிரிங்க் வேணாம், சாப்பாட்டோட தண்ணி வேணாம், சாப்பிட்டு அரை மணி கழிச்சு ஆரம்பிங்க. உங்க பிபி மாத்திரைல நீர் போறதுக்கான மருந்து சேர்ந்திருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டுங்க, வெயிட் குறைய குறைய பிபியும் சுகரும் தானா இறங்கும், பழைய டோஸையே போட்டுக்கிட்டு தண்ணியும் குடிக்காம இருந்தா எந்திரிக்கும்போது தலை சுத்தி விழுந்துடுவீங்க.

அடுத்து சொல்றத உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் படிக்கணும். ஸ்லீவ் பண்ணவங்களுக்கு வாந்தி விடாம வந்தா உடம்புல பி1 விட்டமின், அதாவது தயமின், சீக்கிரம் காலியாயிடும், அதோட கையிருப்பே ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்துச்சுன்னா பார்வை ரெண்டா தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும், கவனிக்காம விட்டா மூளைல நிரந்தரமா பாதிப்பு வரலாம். எமர்ஜென்சிக்கு போனா வாந்திக்கு முதல்ல டிரிப் ஏத்துவாங்க, தயமின் குடுக்காம குளுக்கோஸ் டிரிப் ஏத்தினா இது இன்னும் மோசமாகும். அதனால ஒரு நாளுக்கு மேல எதுவுமே உள்ள தங்காம வாந்தி எடுத்தா ஆஸ்பத்திரிக்கு போயி, "இவங்களுக்கு ஸ்லீவ் சர்ஜரி ஆயிருக்கு, குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் போடுங்க"ன்னு தெளிவா சொல்லணும். இப்பவே அடிக்கடி வாந்தி வருதுன்னா டிக்கெட்ட தள்ளி போடுங்கம்மா, பொண்ணு புரிஞ்சுக்குவா.

முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போடாதீங்க, வயித்துல புண் வரும். அமெரிக்கால சீட்டே இல்லாம கடைல கிடைக்கிற அட்வில், மோட்ரின், அலீவ் எல்லாம் இதே வகைதான். டைலனால்னு கேளுங்க, அது நம்ம பாராசிட்டமால்.

டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்தோட ஜெனரிக் பேர் எழுதின சீட்டு, தங்கப்போற மாசத்துக்கும் கூட கொஞ்சத்துக்கும் மாத்திரை, விட்டமின் எல்லாத்தையும் கைப்பைல வைங்க, பெட்டி தொலைஞ்சாலும் தவிக்க வேண்டாம். புரோட்டீன் பவுடர் டின் மட்டும் செக்கின் பெட்டில போடுங்க, அமெரிக்கா போற ஃப்ளைட்ல கைப்பைல 350 மில்லிக்கு மேல பவுடர் இருந்தா தனியா சோதிப்பாங்க. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது சர்ஜரிய மறைக்காதீங்க, மறைச்சா கிளெய்ம் வராது, அங்க ஆஸ்பத்திரி பில்ல கைக்காச போட்டு கட்ட முடியாது.

ஒரு பக்க கால் மட்டும் வீங்கி வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, காய்ச்சலோட வயித்துவலி வந்து நாடித்துடிப்பு 120 தாண்டினா, இடது தோள்பட்டை காரணமில்லாம வலிச்சா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, 911 கூப்பிடணும். ஃப்ளைட்லயே வந்தா பக்கத்துல இருக்கிறவங்கள எழுப்பி ஆள கூப்பிடுங்க, கூச்சப்படாதீங்க.

அங்க போனப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு தெரியும், பொண்ணுக்கு பத்திய சமையல், ராத்திரி குழந்தையோட முழிப்பு, உங்க சாப்பாடு கடைசில. ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் உள்ள போயே ஆகணும், முட்டை, பனீர், பருப்பு, தயிர்னு முதல்ல நீங்க சாப்பிட்டுட்டு அடுப்படிக்கு போங்க. சர்ஜரி ஆன 3வது மாசம் எடுக்குற பிளட் டெஸ்ட் நீங்க அங்க இருக்கும்போதுதான் வரும், அத எங்க எடுக்கலாம்னு மாப்பிள்ளைய இப்பவே விசாரிச்சு வைக்க சொல்லுங்க, ரிசல்ட்ட உங்க சர்ஜனுக்கு வாட்ஸப்ல அனுப்புங்க.