கோழி அம்மைத் தடுப்பூசி: எல்.டி.ஆர். பாசிட்டிவ் என்றால் மாசு என்று அர்த்தமா?

கோழி அம்மைத் தடுப்பூசி பேட்ச் ஒன்றை பி.சி.ஆர். (மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை) செய்ததில், ஆர்.இ.வி. என்ற வேறொரு பறவை வைரஸின் எல்.டி.ஆர். பகுதிக்குப் பாண்ட் (பட்டை) வந்திருக்கிறது; பேட்ச் மாசுபட்டதா என்பது கேள்வி. இல்லை. அந்த ஒரு பாண்டை வைத்து மட்டும் பேட்சைத் தூக்கிப் போடாதீர்கள்.

நீங்கள் பெருக்கியது ஆர்.இ.வி. வைரஸின் எல்.டி.ஆர். பகுதி, அதாவது அதன் மரபணுவின் முனைகளில் வரும் துண்டு. அது கோழி அம்மை வைரஸின் மரபணுவுக்குள்ளேயே பல காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான தடுப்பூசி ரகங்களில் இந்தத் துண்டு மட்டும் எச்சமாக இருக்கும். களத்தில் கிடைக்கும் ரகங்களில் ஏறக்குறைய முழு புரோவைரஸும் (உள்ளே செருகிக்கொண்ட ஆர்.இ.வி. மரபணு) இருக்கும். ஆக, சுத்தமான தடுப்பூசியும் உங்கள் பி.சி.ஆரில் பாசிட்டிவ் காட்டும். எல்.டி.ஆர். பிரைமரை (பெருக்க வேண்டிய துண்டைக் குறிவைக்கும் சிறு டி.என்.ஏ.) மட்டும் நம்பினால் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

முதலில் ஆர்.இ.வி.யின் உறைப் புரதத்துக்கான 'என்வ்' ஜீனுக்குத் தனி பிரைமர் போட்டுப் பாருங்கள். பழைய, நல்ல பேட்ச் ஒன்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். 'என்வ்' வரவில்லை என்றால் பெரும்பாலும் எச்சம்தான்.

வந்தால்? தடுப்பூசியை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். அம்மை வைரஸ் உருவத்தில் பெரியது, பெரும்பாலும் தங்கிவிடும். சுமார் 100 நானோமீட்டர் உள்ள ஆர்.இ.வி. கடந்துபோகும். வடிந்ததை டி.எஃப்-1 என்ற கோழி செல்களில் இரண்டு மூன்று முறை பாசேஜ் செய்து (புதிய செல்களுக்கு மாற்றி வளர்த்து), இம்யூனோஃப்ளூரசன்ஸில் (ஒளிரும் ஆன்டிபாடியால் வைரஸைக் காட்டும் சோதனை) பாருங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆர்.இ.வி. வளர்ந்தாலும் செல்கள் வெளியே எதையும் காட்டாமல் இருக்கலாம்.

ஒன்று கவனம்: ஆஸ்திரேலியாவில் ஒரு தடுப்பூசி ரகத்திலேயே கிட்டத்தட்ட முழு புரோவைரஸ் இருந்தது 1990களில் தெரியவந்தது. அப்படிப்பட்ட ரகத்தில் வடிநீர் நெகட்டிவாக வந்தாலும் போதாது, அம்மை வைரஸ் பெருகும்போது ஆர்.இ.வி. வெளிப்படலாம். எஸ்.பி.எஃப். குஞ்சுகளில் (குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாமல் வளர்த்தவை) ஊசி போட்டு, சில வாரம் கழித்து ஆர்.இ.வி. ஆன்டிபாடி பார்ப்பதுதான் வழி.